கோச் நீட்டிய கையைக் குலுக்காமல் வந்தேன்!

கேள்வி: அண்ணா, எனக்கு 23 வயது. எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பில் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவன். இந்த சீசனில் 14 மேட்ச் ஆடி 2 கோல்தான் அடித்திருக்கிறேன். உயரமாக இருப்பதால், 'பந்தை வாங்கி நிறுத்தி அடுத்தவனுக்குக் கொடு' என்கிறார் கோச். கோல் அடிப்பது மற்றவர்கள், திட்டு வாங்குவது நான். போன வாரம் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்தார். கோபத்தில், அவர் நீட்டிய கையைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டேன். ஆட்டத்தையே விட்டுவிடலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் கிராட்சியானோ பெல்லே ஞாபகம்தான் வந்தது. தெற்கு இத்தாலியில் லெச்சே பக்கத்துக்காரர், உன்னைப் போலவே நெடுநெடுவென்று வளர்ந்த ஸ்ட்ரைக்கர். 2007-ல், 22 வயதில், நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மார் அணிக்குப் போனார். நாலு சீசன், 78 லீக் மேட்ச், வெறும் 14 கோல். 2009-ல் அந்த அணி லீக் பட்டத்தையே ஜெயித்தது, ஆனால் அந்த சீசனில் 23 கோல் அடித்துக் கொண்டாடப்பட்டவர் பக்கத்தில் ஆடிய எல் ஹம்தாவி. இத்தாலிக்குத் திரும்பி பார்மா, சம்ப்டோரியா என்று ஆடியும் எடுபடவில்லை. அப்போது அவரே 'போதும்' என்று ஒதுங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

2012-ல் கோச் ரொனால்ட் கூமன் அவரைத் தன் ஃபேயநூர்ட் அணிக்குக் கொண்டுவந்தார். அதே நெதர்லாந்து, அதே லீக், அதே ஆள். ஆனால் இரண்டு சீசனில் 57 லீக் மேட்ச்சில் 50 கோல்! வயது கூடியதும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் அணியே அவரை நடுவில் வைத்து ஆடியது என்பேன் நான். பந்து அவரைத் தேடி வந்தது, ஒரு மேட்ச் சரியாகப் போகாவிட்டாலும் அடுத்த மேட்ச்சில் அவர்தான் ஸ்ட்ரைக்கர். 2014-ல் கூமன் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே க்யூபிஆர் என்ற லண்டன் அணிக்கு எதிராக அடித்த கோலைத் தேடிப் பார். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், பந்து வருகிறது, அப்படியே பின்னால் சாய்ந்து காற்றில் எழும்பி ஒரே உதை! (சின்ன வயதில் சகோதரியோடு ஜோடி சேர்ந்து நடனப் போட்டிகளில் ஜெயித்தவர். அந்த உடம்பு வளைவதைப் பார்த்தால் நம்பலாம்.) அந்த அக்டோபரில், 29 வயதில்தான் இத்தாலி தேசிய அணியின் சட்டையைப் போட்டார், முதல் மேட்ச்சிலேயே மால்டாவுக்கு எதிராக ஒரே கோலை அடித்து ஜெயிக்க வைத்தார்.

பந்தை நிறுத்திக் கொடுப்பது மட்டமான வேலை என்று நினைக்காதே. 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையில், கோச் கோன்டேயின் இத்தாலி ஆடியதே அப்படித்தான். பின்னாலிருந்து நேராக பெல்லேவுக்குப் பந்து, முதுகில் ஒரு டிஃபென்டர் ஏறிக்கொண்டு நிற்க, அதை அவர் தட்டிவிட, கூட ஆடும் ஸ்ட்ரைக்கர் எடெர் ஓடிவந்து எடுப்பார். பெல்ஜியம், ஸ்பெயின் இரண்டையும் 2-0 என்று ஜெயித்த அந்த மேட்ச்சுகளில் இரண்டாவது கோல் பெல்லேவுடையது, இரண்டுமே 90 நிமிடம் தாண்டி. ஆட்டம் முழுக்க இடி வாங்கியவர் கடைசி நிமிடத்திலும் கோலுக்கு முன்னாலிருக்கும் பாக்ஸுக்குள் போய் நின்றார் பார், நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, அந்தக் கை விஷயம். இதில் உன் பக்கம் நான் பேச மாட்டேன். 2016 அக்டோபரில் ட்யூரினில் ஸ்பெயினோடு மேட்ச். தன்னை வெளியே எடுத்த புது கோச் வென்ட்டூராவின் கையை பெல்லேவும் இப்படித்தான் குலுக்காமல் போனார். மறுநாளே அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் இத்தாலிக்கு ஆடவேயில்லை. 20 மேட்ச், 9 கோலோடு முடிந்தது. அத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய சட்டை! எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் அடுத்த பிராக்டிஸுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போ. மற்றவர்கள் வருவதற்குள் கோச்சிடம் 'அன்றைக்கு நான் செய்தது தப்பு சார்' என்று சொல்லிவிடு, காரணம் எதுவும் அடுக்காதே. அப்புறம், நீ பந்தைத் தட்டிவிட்டதும் அடுத்து எங்கே ஓட வேண்டும் என்று அவரிடமே கேள். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பந்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.