பட்டினி வேண்டாம், பின்னலைத் தூக்கிக் கட்டுங்கள்

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே. வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்கிறார் ஒருவர். காதுக் கம்மலைக்கூடக் கழற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். அங்கே ஃபிலிம் கிடையாதாம், படத்தை சி.டி. தட்டில் பதிந்துதான் தருவார்களாம். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: சாப்பிட்டுவிட்டே போங்கள். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து உணவுக்குழாயையோ இரைப்பையையோ படம் எடுப்பதற்குத்தான் பட்டினி. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு அது தேவையில்லை.

கம்மல் இருக்கட்டும், காது படத்தில் விழாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றுங்கள். உலோகம் கதிரைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சங்கிலி எல்லோருக்கும் நினைவிருக்கும்; மறந்துபோவது உள்ளாடைக் கொக்கியும் சட்டைப்பை நாணயமும்தான். பின்னலையோ யாருமே நினைப்பதில்லை! தோளில் கிடக்கும் தடித்த பின்னல், அதுவும் ஈரமாக இருந்தால், நுரையீரலின் மேல்நுனியில் நிழலாக விழுந்து நோயோ என்று மயக்கும். உச்சியில் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு படம், இன்னொரு முறை கதிர்வீச்சு. ஒரு படத்துக்குச் சுமார் 0.1 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), இயற்கையில் ஏறக்குறைய 10 நாளில் நம்மீது படும் அளவுதான். அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் வீணாக எதற்கு?

சி.டி. குறையே அல்ல. அதில் டைகாம் (DICOM) கோப்பு, அதாவது மருத்துவப் படங்களுக்கான மூலக் கோப்பு, இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும், பெரிதாக்கியும் டாக்டர் பார்க்கலாம். கைபேசிக்கு அனுப்பும் படம் அதற்கு ஈடாகாது. கதிரியக்க மருத்துவரின் எழுத்து அறிக்கையும் கட்டணத்தில் அடங்குமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் கட்டணம் என்று சொல்லக்கூடும். பெயர், தேதி, இடது வலது குறி சரியா என்று கவுன்டரிலேயே பாருங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். நுரையீரலில் தெரியும் தழும்பு பழையதா புதியதா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கர்ப்பமாக இருப்பேனோ என்று சந்தேகம். எக்ஸ்ரே எடுப்பவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். நெஞ்சு, கை, கால் படங்களில் கருவுக்குச் சேரும் அளவு மிக மிகக் குறைவு, அவசரமென்றால் எடுத்துவிடுவார்கள். வயிறு, இடுப்புப் படமென்றால் தள்ளிப்போடலாமா, கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதுமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.