‘அது வேறு விஷயம்’ என்று எப்படிச் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 26. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து பேசினால் குரல் நடுங்குகிறது. ‘உனக்குக் கான்ஃபிடன்ஸ் பத்தாது’ என்கிறார் மேலாளர். வீட்டிலும் நிம்மதி இல்லை. அக்கா என்னிடம் மட்டும் சொன்னது வாய் தவறி அவள் மாமியார் காது வரை போய்விட்டது. 4 மாதமாக என்னோடு பேசுவதில்லை. அது வேறு விஷயம். கான்ஃபிடன்ஸ் வளர ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, குரல் நடுக்கம் பேசப் பேசக் குறையும். அதைப் பற்றி இவ்வளவுதான். ‘அது வேறு விஷயம்’ என்றீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

கான்ஃபிடன்ஸ் என்ற சொல், ‘நம்பு’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்தது. நிமிர்ந்து பேசும் துணிவுக்கும் அந்தப் பெயர்தான். ஒருவர் நம்மை நம்பிச் சொல்லும் ரகசியத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். தமிழிலும் தன்னம்பிக்கைக்குள்ளே நம்பிக்கை இருக்கிறது. நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால், பிரதமருக்குத் துணிச்சல் உண்டா என்றா வாக்கெடுக்கிறார்கள்? அவையின் நம்பிக்கை அவர்மேல் இருக்கிறதா என்றுதானே!

1849-இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்று ஒருவன். முன்பின் தெரியாதவர்களிடம் நெடுநாள் பழகியவன்போலப் பேசுவான். ‘என்மேல் நம்பிக்கை இருந்தால் நாளை வரை உங்கள் கடிகாரத்தைக் கொடுங்கள்’ என்பான். வாங்கியதும் ஆளைக் காணாது. பத்திரிகையில் அவனுக்கு விழுந்த பெயர் ‘கான்ஃபிடன்ஸ் மேன்’. அவன் பேச்சில் தயக்கமே இருந்திருக்காது. அந்தத் துணிச்சலா உங்களுக்கு வேண்டும்?

‘வாய் தவறி’ என்று எழுதுகிறீர்கள். நிஜமாகவே தவறியிருந்தால் அன்றைக்கே அக்காவிடம் ஓடியிருப்பீர்கள். 4 மாதம்! இத்தனை பேர் இருக்க, கூடப்பிறந்தவன் என்று உங்களிடம் வந்து சொன்னாள். அதன் விலையைப் புகுந்த வீட்டில் தினமும் அவள் கொடுக்கிறாள்; நீங்களோ மேலாளர் சொன்னதற்கு மருந்து தேடுகிறீர்கள். கூடப்பிறந்தவளுக்குக் காவலாக நிற்பது நாம் விரும்பினால் செய்கிற உதவி இல்லை, தம்பி. கடமை.

போன் வேண்டாம், நேரில் போங்கள். ‘தப்பு என்னுடையது’ என்பதோடு நிறுத்துங்கள். ‘ஆனால்’ என்று இழுக்காதீர்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவளைக் கேட்காமல் மாமியாரிடம் சமாதானம் பேசக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே என்ன பேசுவது, எப்போது பேசுவது என்பதை அவளே சொல்லட்டும்.