நெளிந்து ஓடும் கப்பலுக்கு இரண்டு வேகம்

வணக்கம்,

சைலன்ட் ஹன்ட்டர் 3 என்ற நீர்மூழ்கிக் கப்பல் கணினி விளையாட்டை விளையாடுகிறேன். ஆயுத அதிகாரியின் உதவியை அணைத்துவிட்டு, கணக்கெல்லாம் கையால்தான். நேராகப் போகும் கப்பல் என்றால் பெரும்பாலும் அடித்துவிடுகிறேன். ஜிக்ஜாக் போட்டு, அதாவது மாறி மாறித் திரும்பி நெளிந்து ஓட ஆரம்பித்தால் தோற்றுப்போகிறேன். கடைசியாக, என்னைப் பார்த்துவிட்ட ஒரு லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலை வரைபடத்தில் குறித்துக்கொண்டே தொடர்ந்தேன். வலம் 30 டிகிரி, இடம் 30 டிகிரி என்று மாறி மாறித் திரும்பியது. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை அளந்தால் 8.7 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்). ஏஓபி-யை (கப்பல் போகும் திசைக்கும் என்னை நோக்கிய கோட்டுக்கும் இடையிலான கோணம்) பெரிஸ்கோப்பில் பார்த்து 90 என்று வைத்து, 2000 மீட்டரிலிருந்து இரண்டு மின்சார டார்பிடோ விட்டேன். இரண்டுமே வால்பக்கத்தை ஒட்டிப் போய்விட்டன. அது எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்க வழி இருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திருப்பத்தைக் கணிக்கத் தேவையில்லை. உங்கள் தவறு வேகத்தில் இருக்கிறது. 8.7 நாட் என்பது சரியான எண்தான், ஆனால் டார்பிடோவுக்கான எண் அல்ல. இரு பக்கமும் 30 டிகிரி நெளியும் கப்பல் 10 நாட்டில் ஓடினால், அடிப்படைத் திசையில், அதாவது நெளிவுகளைக் கழித்து அது மொத்தமாகப் போகும் திசையில், 8.7 நாட்தான் முன்னேறும். நீங்கள் ஏஓபி-யை அந்த நேரத்து ஓட்டத்தைப் பார்த்து வைத்தீர்கள், வேகத்தை மட்டும் மொத்தப் பயணத்திலிருந்து எடுத்தீர்கள். உங்கள் 30 நாட் மின்சார டார்பிடோ 2000 மீட்டர் போக ஏறத்தாழ 130 வினாடி. அதற்குள் 1.3 நாட் பிழை 87 மீட்டராகிவிடும். 134 மீட்டர் கப்பலின் நடுவைக் குறிவைத்தால் வால்வரை 67 மீட்டர்தான். மிச்சம் 20 மீட்டர். உங்கள் டார்பிடோ போன இடம் அதுதான். இதே பிழையோடு 1000 மீட்டரில் விட்டிருந்தால் பட்டிருக்கும்.

முன்னேறும் வேகம் எதற்கு என்றால், முந்திப் போய் நிற்பதற்கு. 1942 அக்டோபர் 2 அன்று படைவீரர்களை ஏற்றிச் சென்ற குயின் மேரி கப்பல் 28.5 நாட்டில் ஓடியும், எட்டாம் எண் ஜிக்ஜாக் முறையினால் 26.5 நாட்தான் முன்னேறிக்கொண்டிருந்தது. துணைக்கு வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் கியூரகோவா அதன் பாதைக்குள் சிக்கி இரண்டாகப் பிளந்தது அந்தப் பயணத்தில்தான். 1944 நவம்பரில் ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி தன்னைவிட வேகமான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் ஷினானோவை ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் துரத்தியது. அதன் ஒவ்வொரு நெளிவையும் பின்பற்றியிருந்தால் பிடித்திருக்கவே முடியாது. அடிப்படைத் திசையை விடாமல் ஓடியது. கடைசியில் ஷினானோவே ஒரு திருப்பத்தில் அதன் பக்கம் வந்து சேர்ந்தது. விட்ட ஆறு டார்பிடோவில் நான்கு பட்டன. உங்கள் வகை 7 படகு நீர்மேல் 17 நாட் போகும். 8.7 நாட்டில் முன்னேறும் கப்பலை மணிக்கு 8 கடல் மைல் முந்தலாம். இந்த வேகத்தை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: வலத்திருப்பத்தில் தொடங்கினால் வலத்திருப்பத்திலேயே முடியுங்கள். சுற்று முழுமையாகாவிட்டால் திசையும் வேகமும் இரண்டும் கோணலாகும்.

எங்கே நிற்பது? 6 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று வையுங்கள். 10 நாட்டில் ஒரு நேர் ஓட்டம் 1852 மீட்டர், அதில் பக்கவாட்டில் நகர்வது 926. நெளிவின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 463. ஆகவே நடுக்கோட்டுக்கு 1000 மீட்டர் பக்கத்தில் மூழ்கி நின்றால், எந்த ஓட்டத்தில் வந்தாலும் சுமார் 540 முதல் 1460 மீட்டருக்குள் கடக்கும். 300 மீட்டருக்குள் டார்பிடோ வெடிக்கத் தயாராகாது என்பதால் இதைவிட அதிகம் நெருங்க வேண்டாம்.

ஓட்ட வேகத்தை அங்கிருந்தே அளக்கலாம். படகின் மூக்கைக் கப்பலை நோக்கித் திருப்பி, வேகத்தை ஓரிரு நாட்டுக்கு இறக்குங்கள். குறுக்கே நகர்ந்தால் கணக்கு கெடும். பெரிஸ்கோப்பைக் கப்பலோடு சேர்த்துத் தானே திருப்பும் லாக்கை எடுத்துவிட்டு, கப்பலுக்குச் சற்று முன்னால் அசையாமல் நிறுத்துங்கள். கப்பலின் மூக்கு செங்குத்துக் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச், வால் கோட்டைத் தாண்டும்போது நிறுத்தம். நீளத்தை வினாடியால் வகுத்து 1.94-ஆல் பெருக்குங்கள். 134 மீட்டர், 26 வினாடி என்றால் 10 நாட். தூரமும் வேண்டாம், ஏஓபியும் வேண்டாம். நெளியும் கப்பலுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஒரு வினாடி தவறினால் 0.4 நாட் போகும், அதனால் இரண்டு முறை பாருங்கள். நடுவில் திரும்பிவிட்டால் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேகம் ஒருமுறை கையில் வந்துவிட்டால் அதைத் தொடாதீர்கள். பலரும் கப்பல் திரும்பியதும் பதறி எல்லாவற்றையும் புதிதாக அளக்கிறார்கள், அளந்து முடிப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது. திருப்பத்தில் மாறுவது திசை மட்டும்தான். திருப்பத்தைப் பாய்மரங்களில் பாருங்கள்: தள்ளித் தள்ளி நின்ற இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். மூக்கடியில் வெள்ளை நுரை தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது, 90 இருந்த ஏஓபி 30 ஆகும். நுரை மறைந்து வால் தெரிந்தால் 150. டிடிசி-யின் (டார்பிடோ குறிக்கணக்குக் கருவி) சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளி ஏஓபி-யை மட்டும் திருத்தி, மறுபடி ஆட்டோவில் விடுங்கள். பெரிஸ்கோப்பைத் திருப்பும்போது டிடிசி ஏஓபி-யைத் தானே மாற்றிக்கொண்டு வரும், ஆனால் கப்பல் அதே திசையில் போகிறது என்ற நம்பிக்கையில்தான். திருப்பம் அதற்குத் தெரியாது.

ஏவுவது திருப்பம் முடிந்த உடனே. 1000 மீட்டருக்கு 65 வினாடி, 6 நிமிட ஓட்டத்தில் அது தாராளம். ஏஓபி 90-க்குப் பக்கத்தில் இருக்கட்டும்: அங்கே 10 டிகிரி தப்பாகப் பார்த்தாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் நட்டம், 30-இல் அதே தப்பு மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 44 நாட் நீராவி டார்பிடோ 44 வினாடியில் போய்ச் சேரும், ஆனால் பகலில் குமிழித்தடம் காட்டிக்கொடுக்கும். அதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டுப் பட்டதா என்று பார்த்து அடுத்ததை விடாதீர்கள். முதல் வெடிப்புக்குப் பிறகு அது ஒழுங்காக நெளியாது. வேண்டியதையெல்லாம் அதே நேர் ஓட்டத்துக்குள் விட்டுவிடுங்கள்.