40 பாக்கெட் முறுக்கும் ஒரு பி.காம் சீட்டும்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் பாக்கெட் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் அந்தப் பையன். வயது 20. லேசான அறிவுசார் குறைபாடு. பிளஸ் டூவை இரண்டு முறை எழுதி முடித்தவன். நான்கு மாதம் ஒழுங்காகப் போனான். ஒரு நாள் காலையில் சீல் போடும் மிஷின் சரியாகச் சூடேறவில்லை. பாக்கெட்டின் வாய் ஒட்டவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் 40 பாக்கெட் கைமுறுக்கை அப்படியே பெட்டியில் அடுக்கிவிட்டான். மறுநாள் அத்தனையும் நமுத்துப்போய்த் திரும்பி வந்தது. "இனிமே அனுப்ப வேண்டாம்" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் ஆலோசனை கேட்டு அப்பா, அம்மா, பையன் மூவரும் என் முன்னால். கூடவே சித்தப்பா. அவர்தான் அதிகம் பேசினார். "முறுக்கு பாக்கெட் போடவா இவனை வளத்தோம்? நாலு பேர் கேட்டா சொல்றதுக்காவது ஒரு டிகிரி வேணாமா?" மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம் சீட் பேசியும் வைத்திருந்தார். விடுதியோடு வருடத்துக்கு 1,40,000 ரூபாய்.

முதல் வேலை போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

"ஆச்சி, பாக்கெட் போடத் தெரியாமலா வேலை போச்சு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இல்லைங்க. 200 கிராம்னா 200தான் இருக்கும். அதெல்லாம் சுத்தமாச் செய்வான்."

"மிஷின் ஒட்டலைன்னு வாயைத் திறந்து சொல்ல பி.காம்ல சொல்லித் தருவாங்களா?"

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

மூன்று வருடத்தில் 4,20,000 ரூபாய் போகும். பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அரியர் சேரும், 23 வயதில் இதே மிஷின் முன்னால் இதே மௌனத்தோடு வந்து நிற்பான். "அரசு வேலையில் ஒதுக்கீடு இருக்கே" என்றார் அப்பா. இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 4 சதவீதம். அதில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 1 சதவீதம். விண்ணப்பம் போடுங்கள், தவறில்லை. அதை நம்பிப் பையனை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

அதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "எடை மிஷின்ல 200 காட்டுனா எனக்குப் பிடிக்கும். அங்க வாசமும் நல்லா இருக்கும்" என்றான். காலேஜ் என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது போதும். பிள்ளைக்குப் பிடித்த வேலை என்று ஒன்று தெரிந்துவிட்ட பிறகு, கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வாங்கித் தருவதில் எனக்குச் சம்மதமில்லை. சித்தப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

சரி, வேறு என்ன வழி? முதலில் வேலையில் அமர்த்து, அப்புறம் அந்த இடத்திலேயே பழக்கு என்று ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் 1986லேயே மறுவாழ்வுச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஜாப் கோச் என்ற பயிற்றுநர் முதல் சில வாரங்கள் பக்கத்திலேயே நிற்பார். பிறகு வாரம் இரண்டு நாள், பிறகு ஒரு போன் என்று கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். நம் ஊரில் அதற்கென்று ஆள் கிடைக்காவிட்டால், சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர் ஒருவரை இரண்டு மாதம் அமர்த்திக்கொள்ளலாம். அந்த மூன்று வருடச் செலவோடு பார்த்தால் அது குறைவுதான்.

அந்த இரண்டு மாதத்தில் கற்றுத்தர வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: தப்பு நடந்தால் உடனே சொல்வது. 'உடனே' என்ற சொல் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. நமக்கே அது பத்து நிமிடமா, சாயங்காலமா என்று தெரியாது. அதற்கு ஓர் அளவு கொடுக்க வேண்டும். 'அடுத்த பாக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால்' என்றால் அவனுக்குப் புரிகிறது. யாரிடம் சொல்வது என்பதும் அப்படியே. 'பெரியவங்க யார்கிட்டயாவது சொல்லு' என்றால் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். ஒரே ஓர் ஆள், அவர் லீவு என்றால் இன்னோர் ஆள். இரண்டு பேரின் போட்டோவும் அவன் போனில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பேச வேண்டிய வசனத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். "அண்ணே, சீல் ஒட்டலை. நிறுத்திட்டேன். வந்து பாருங்க." அவ்வளவுதான். 'மன்னிச்சிடுங்க' என்று தொடங்கக் கற்றுத்தராதீர்கள். மிஷின் சூடேறாதது அவன் குற்றமில்லை.

எல்லாவற்றுக்கும் ஓடிப் போய் நின்றாலும் முதலாளி சலித்துப்போவார். அதற்கு மூன்று நிற அட்டை. ஸ்டிக்கர் ரோல் தீர்ந்தால் பச்சை, தானே எடுத்து மாட்டலாம். தேதி முத்திரை சரியா என்று சந்தேகம் வந்தால் மஞ்சள், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கருகல் வாடை, ரத்தம், யாராவது உடம்பைத் தொடுவது, ஏ.டி.எம். நம்பரைக் கேட்பது எல்லாம் சிவப்பு. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். கேலி செய்தால் என்ன நிறம் என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. முதல் தடவை மஞ்சள், திரும்பச் செய்தால் சிவப்பு என்று வைத்துக்கொண்டோம்.

இதற்கு ஒத்திகை வீட்டில்தான். சர்க்கரை டப்பாவில் உப்பைப் போட்டு வைத்துவிட்டு அவனைக் காபி கலக்கச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றுங்கள். கண்டுபிடித்துச் சொல்கிறானா, எத்தனை நேரத்தில் சொல்கிறான் என்று குறித்து வையுங்கள். சொன்னால் அவனைப் பாராட்டுங்கள், தப்பைப் பற்றிப் பேசாதீர்கள். இதை நான் விளக்கியபோது அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. போன வருடம் அவன் ஒரு பழைய கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். கன்னத்தில் ஓர் அறை. வாயை மூடிக்கொள்ள அவன் எங்கே கற்றான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலாளியிடம் போகும்போது சட்டப் புத்தகத்தோடு போகாதீர்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் சட்டம் பேசினால் கதவு சாத்தப்படும். ஒரு பக்கத் தாள் போதும்: இவனுக்கு என்ன நன்றாக வரும், எதைப் படம் போட்டுக் காட்ட வேண்டும், தப்பைச் சொன்னால் அந்த நேரத்தில் திட்ட வேண்டாம். அப்புறம், அம்மா தினமும் கடைக்குப் போன் போடக் கூடாது. அவன் பேச வேண்டியதை நீங்கள் பேசினால் அவன் எப்போது பேசுவான்? சம்பளம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் சிவகங்கையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீட்டைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். இரவு 11 மணிக்கு அவன் அப்பாவைத் தட்டி எழுப்பி, "ஃபிரிட்ஜ் கதவு மூடலை. நான் தொடலை. வந்து பாருங்க" என்றானாம். தூக்கம் கலைந்த அப்பாவுக்குக் கோபம் வந்தாலும் எழுந்து போய் மூடியிருக்கிறார். "இதுக்கெல்லாமா எழுப்புவான்?" என்று கேட்டார் அந்த அம்மா. ஃபிரிட்ஜுக்குப் பச்சை அட்டை எழுதவில்லையே என்றேன். அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.