ஒரே தூரம், ரெண்டு நேரம் ஏன்?

கேள்வி: டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 10,850 கிலோமீட்டர்னு நெட்ல பாத்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர்னு வச்சா 12 மணி நேரம்தான் வருது, ஆனா டிக்கெட்ல போக கிட்டத்தட்ட 13 மணி நேரம், திரும்பி வர 14-க்கு மேலன்னு இருக்கு. எது சரி? பசிபிக் மேல நேரா போகாம ஏன் அலாஸ்கா பக்கம் வளைஞ்சு போகுது?

பதில்: உங்க வகுத்தல் சரி, ஆனா அந்த 900 காத்துக்குள்ள ஃப்ளைட் போற வேகம், தரையில கடக்குற வேகம் இல்ல. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்கேருந்து கிழக்கே ஒரு காத்து ஆறு மாதிரி ஓடிட்டே இருக்கு, குளிர்காலத்துல ஜப்பான் மேல அது மணிக்கு 200, 300 கிலோமீட்டர்கூட தொடும். கிழக்கே போறப்ப அது முதுகுல தள்ளும், மேற்கே வர்றப்ப நெஞ்சுல அடிக்கும். 2020 பிப்ரவரியில நியூயார்க்ல கிளம்பின ஒரு ஃப்ளைட் இந்தக் காத்துல மாட்டி 4 மணி 56 நிமிஷத்துல லண்டன் போயிருச்சு, வழக்கமா அதுக்கு 7 மணி நேரம் கிட்ட ஆகும்!

போறப்ப மிச்சமாகுறதும் வர்றப்ப கூடுறதும் சரியாப் போயிடும்னு நினைப்போம், ஆகாது. வழி முழுக்க 100 கிலோமீட்டர் காத்துன்னு வச்சுக்கங்க, போறப்ப 1 மணி 12 நிமிஷம் மிச்சம், வர்றப்ப ஒன்றரை மணி நேரம் கூடும், ஏன்னா எதிர்காத்துல மெதுவா போறதால அந்தக் காத்துக்குள்ளயே அதிக நேரம் கிடக்கணும்ல.

அப்புறம் டிக்கெட்ல போட்டிருக்கிறது கேட்ல இருந்து கிளம்பி அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போறது, க்யூல நிக்கிறது எல்லாம் அதுல சேர்ந்திருக்கு.

வளைவு விஷயம். வீட்ல குளோப் இருந்தா ஒரு நூல எடுத்து டோக்கியோல ஒரு விரல், நியூயார்க்ல ஒரு விரல் வச்சு இழுத்துப் பிடிங்க, நூல் தானா வழுக்கி மேல ஏறி அலாஸ்கா, கனடா மேல போய் நிக்கும், அதுதான் நிஜமான நேர்வழி. தட்டையான மேப்ல நேர்கோடா தெரியுற பசிபிக் வழியில போனா சுமார் 2,000 கிலோமீட்டர் அதிகம். ஆனாலும் தினமும் அச்சு அசலா அந்த நூல் மேலயே போறதில்ல, கிழக்கே போறப்ப நல்ல காத்து கிடைக்கும்னா கொஞ்சம் தெற்கே இறங்கிக்கூட போவாங்க.

இன்னொண்ணு, டிக்கெட்ல கிளம்புற, சேர்ற டைம் ரெண்டும் அந்தந்த ஊர் டைம். கோடைல டோக்கியோ 13 மணி நேரம் முன்னாடி இருக்கும், அதனால காலை 11-க்கு கிளம்பினா அதே நாள் காலை 11 வாக்குல நியூயார்க்ல இறங்கலாம், பிரிண்டிங் மிஸ்டேக்னு பதறாதீங்க. திரும்பி வர்றப்ப மறுநாள் தேதி ஆகிடும், ஹோட்டல் புக் பண்றப்ப அதை மட்டும் கவனிங்க.

கேள்வி: ஹெல்சின்கி - டோக்கியோ முன்னாடி ஒன்பதரை மணி நேரம், இப்ப 13 ஆகுதே?

பதில்: ஊர் தள்ளிப் போகல, வழி அடைபட்டுப் போச்சு. 2022 பிப்ரவரிக்கு அப்புறம் பின்லாந்து ஃப்ளைட்டுங்க ரஷ்யா மேல பறக்க முடியல, வடதுருவம் வழியாவோ தெற்கே சுத்தியோதான் போகணும்.