மதுரையை விட்டுப் போகாமல் பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்க்க முடியுமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

கேட்டவர் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பிரவுசர் நிறுவனத்தில் அன்றாட வேலை என்ன, ஊரில் இருந்தபடியே பார்க்க வழி உண்டா, உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆசை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிற மாதிரி தயாரானால் முடியாது. இங்கே முதலில் பார்ப்பது உங்கள் பெயரில் என்னென்ன பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் இரண்டின் சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மாற்றம் மட்டுமல்ல, ரிவ்யூ செய்தவர் குறை சொன்னபோது நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்பதையும் யாரும் படிக்கலாம். வேலைக்கு எடுப்பவர்கள் கண்டிப்பாகப் படிப்பார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பிரவுசர் என்று நூறு பெயர் இருந்தாலும், பக்கத்தின் கோடைப் படித்துத் திரையில் வரையும் பெரிய இன்ஜின் மூன்றுதான்: குரோமியத்தின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, நம் ஜோஹோவின் உலா எல்லாமே குரோமியத்தின் மேல் கட்டியவை. அதனால் வேலையும் இரண்டு வகை. ஒன்று இன்ஜினுக்குள்ளேயே வேலை. மற்றது இன்ஜினை எடுத்து அதன் மேல் தங்கள் வசதிகளைச் சேர்க்கும் நிறுவனத்தில் வேலை.

இரண்டாவது வகையில் பாதி நேரத்தைத் தின்பது ரீபேஸ், அதாவது உங்கள் மாற்றங்களைக் குரோமியத்தின் புதிய பதிப்பின் மேல் மறுபடி பொருத்துவது. சில வாரங்களுக்கு ஒருமுறை குரோமியத்தின் புதிய பதிப்பு வந்துவிடும். நீங்கள் மாற்றிய அதே ஃபைலை அவர்களும் மாற்றியிருப்பார்கள், மோதும். அனுபவமுள்ள குழுக்கள் தங்கள் கோடைத் தனி ஃபைலில் வைத்துக்கொண்டு, குரோமியத்தின் ஃபைலில் அதை அழைக்கும் ஓரிரு வரிகளை மட்டுமே சேர்ப்பார்கள். இதைச் செய்யாத குழு ஒவ்வொரு பதிப்புக்கும் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும். தாமதம் வெறும் அசௌகரியம் இல்லை. குரோமியத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தவுடன் அந்த மாற்றம் பொதுவில் தெரியும். அதைப் படித்து ஓட்டை எது என்று கண்டுபிடிக்க வல்லவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிரவுசர் அந்தத் திருத்தத்தைச் சேர்த்து வெளியிடும்வரை உங்கள் பயனர்கள் திறந்த வீட்டில் இருக்கிறார்கள்.

இன்ஜின் வேலையின் ஒரு நாள் வேறு மாதிரி. புதிதாக எழுதுவது கொஞ்சம், படிப்பதும் தேடுவதும்தான் அதிகம். மொஸில்லா (ஃபயர்ஃபாக்ஸைச் செய்பவர்கள்) பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் ஒரு பக் வருகிறது: போன மாதம்வரை சரியாக இருந்த பக்கம் இப்போது உடைகிறது. எந்த மாற்றத்தால் உடைந்தது என்று பிடிக்க மோஸ்ரிக்ரஷன் என்ற கருவி இருக்கிறது. நல்ல தேதி ஒன்று, கெட்ட தேதி ஒன்று கொடுத்தால் நடுவில் உள்ள நைட்லி பதிப்பை (தினமும் வெளிவரும் சோதனைப் பதிப்பு) இறக்கித் திறக்கும். சரியா தவறா என்று நீங்கள் சொல்ல வேண்டும். மீண்டும் பாதியாக்கும். 128 நாள் இடைவெளி என்றால் ஏழு முறையில் ஒரு நாளுக்குச் சுருங்கிவிடும். சி பிளஸ் பிளஸ் தெரியாதவர்கூட இதைச் செய்து அந்த பக்கில் முடிவைப் பதியலாம். உள்ளே இருப்பவர்கள் உண்மையிலேயே நன்றி சொல்லும் உதவி இதுதான்.

திருத்தம் எழுதியபின், உள்ளே சேர்க்கும் முன் சோதித்துப் பார்க்கும் ட்ரை சர்வருக்கு அனுப்புவார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் டெஸ்ட் ஓடும். பிறகு ஃபேப்ரிகேட்டர் என்ற தளத்தில் ரிவ்யூ. உள்ளே சேர்ந்த பிறகும் ஏதாவது டெஸ்ட் உடைந்தால் ஷெரிஃப் என்று அழைக்கப்படுபவர்கள் உங்கள் மாற்றத்தை எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். இதற்கு பேக் அவுட் என்று பெயர். புதிதாக வந்தவர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள், தேவையில்லை. பதினைந்து வருடம் ஆனவர்களின் பேட்ச்சும் வெளியே வரும். உடைந்த டெஸ்ட்டின் லாக்கைப் படித்து, திருத்தி, மறுபடி அனுப்புவதுதான் வேலை. ஃபயர்ஃபாக்ஸில் பதிப்புச் சுழற்சி நான்கு வாரம். இன்று நைட்லியில் சேர்ந்த மாற்றம் பீட்டா வழியாகப் பயனருக்குப் போக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். உங்கள் வேலை அம்மாவின் போனில் வந்து சேர இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.

இப்போது நம் ஊர் விஷயம். குரோமியத்தை முழுதாக பில்ட் செய்ய, அதாவது சோர்ஸ் கோடை ஓடக்கூடிய பிரவுசராக மாற்ற, டிஸ்க்கில் 100 ஜிபி காலியிடம் வேண்டும். ராம் 8 ஜிபி இருந்தால் ஓடும் என்று எழுதியிருந்தாலும் 16க்கு மேல் இல்லாமல் இறங்காதீர்கள். 8 ஜிபியில் கடைசி லிங்க் கட்டத்தில் மெமரி தீர்ந்து, லினக்ஸே அந்த புராசஸைக் கொன்றுவிடும், மணிக்கணக்கில் காத்தது வீண். வேறு வழி இல்லையென்றால் ஜிஎன் (குரோமியத்தின் பில்ட் கருவி) அமைப்புகளில் டீபக்கை அணைத்து, சிம்பல் லெவலை 0 ஆக்கி, காம்பொனன்ட் பில்டை இயக்கி, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோடை இறக்கும்போது பழைய வரலாறு வேண்டாம் என்ற நோ ஹிஸ்டரி தேர்வைக் கொடுத்தால் டேட்டாவும் நேரமும் மிச்சம். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் ஜிகிளையன்ட் சிங்க் என்ற கட்டளையை ஓட்டினால் ஏற்கெனவே முழுதாக இறங்கிய பகுதிகளை விட்டுவிட்டு மீதியை இறக்கும்.

மாணவருக்கு நான் சொல்வது ஃபயர்ஃபாக்ஸில் தொடங்குங்கள் என்பதுதான். அதில் ஆர்ட்டிஃபாக்ட் பில்ட் என்று ஒரு வசதி. சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் பகுதியை ஏற்கெனவே பில்ட் செய்த நிலையில் இறக்கிக்கொண்டு, மெனு, செட்டிங்ஸ் பக்கம் போன்ற ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் பகுதியை மட்டும் உங்கள் மெஷினில் கட்டும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சாதாரண லேப்டாப்பே போதும். தொடக்க அமைப்புக்கான மாக் பூட்ஸ்ட்ராப் கட்டளையை ஓட்டும்போது கேட்கும் கேள்வியில் ஆர்ட்டிஃபாக்ட் மோடைத் தேர்ந்தெடுத்தால் சரி.

முழு பில்ட் செய்பவர்களுக்கு மதுரை வெயில் ஒரு தனிப் பிரச்சினை. அக்னி நட்சத்திர நேரத்தில் மதியம் லேப்டாப்பில் கம்பைல் விட்டால் சூட்டில் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு பத்துக்கு மேல் விடுங்கள், அடியில் காற்று போக உயர்த்தி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவதாக முதல் நாள் பேப்பரில் வரும். உங்கள் பகுதி பெயர் இருந்தால் அன்று பகலில் பில்ட் வேண்டாம். டெஸ்க்டாப்புக்குச் சின்ன யுபிஎஸ் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். அது ஒழுங்காக நிறுத்துவதற்கு மட்டும், வேலையைத் தொடர அல்ல. திடீரென அணைந்து மறுபடி வந்ததும் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வேலை செய்ய மறுத்தால் டாட் கிட் ஃபோல்டருக்குள் இன்டெக்ஸ் லாக் ஃபைல் மிச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள். வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழித்தால் போதும். ரெப்பாசிட்டரி கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி இறக்க உட்காராதீர்கள்.

உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் தமிழ். இதை நம் பிள்ளைகள் கணக்கில் எடுப்பதே இல்லை.

"கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்துக்கு அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டையும் ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினால்தான் சமமாகும். நீளம் கேட்டால் ஒன்று 2, மற்றது 3. நாம் எண்ணுவது 1. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத்தைப் பிரித்து எண்ணும் இன்ட்டில் செக்மென்ட்டர் அந்த 1ஐக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் அது வந்தது 2024இல், 125ஆம் பதிப்பில்தான். அடுத்து "ஸ்ரீ". இதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இங்கே நார்மலைஸ் செய்தாலும் சமமாகாது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டி வைத்திருப்பதும் அப்படியே. ஸ்ரீதர் என்ற பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பொறியாளருக்கு இப்படி ஒரு டெஸ்ட் எழுதத் தோன்றவே தோன்றாது.

கீபோர்டும் அப்படித்தான். தமிழ்99 போன்ற உள்ளீட்டில், ஆண்ட்ராய்டு போனில், விசையை அழுத்தியதும் வரும் கீடவுன் நிகழ்வில் எந்த விசை என்று கேட்டால் பல நேரம் எல்லாவற்றுக்கும் 229 என்ற ஒரே எண்தான் வரும். விசையின் எண்ணை நம்பி இயங்கும் தேடல் பெட்டிகள் தமிழில் தட்டினால் ஊமையாகிவிடும். தவறு பிரவுசருடையதா, தளத்துடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் அதுவே ஒரு திறமை.

எழுத்து உடைந்து தெரிந்தால் எங்கே புகார் சொல்வது என்பதற்கும் வழி இருக்கிறது. முதலில் எழுத்துருவை மாற்றுங்கள்: நோட்டோ சான்ஸ் தமிழ், லதா, நிர்மலா. ஒன்றில் மட்டும் உடைந்தால் எழுத்துருவின் பிழை, அதன் திட்டத்துக்குத்தான் சொல்ல வேண்டும். எல்லா எழுத்துருவிலும் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் உடைந்து சஃபாரியில் மட்டும் சரி என்றால் ஹார்ஃப்பஸ் மீது சந்தேகப்படலாம். முதல் இரண்டும் எழுத்தைக் கோர்க்க அதையே பயன்படுத்துகின்றன. ஒரே பிரவுசரில் மட்டும் என்றால் அதன் லேயவுட் கோடு.

"தமிழ் சரியாகத் தெரியவில்லை" என்று மட்டும் எழுதினால் அந்த பக் கேட்பாரற்று மூடப்படும். பத்துப் பதினைந்து வரியில் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல், பிரவுசர் பதிப்பு, இயங்குதளம், எழுத்துருவின் பெயர், எப்படி இருக்கிறது எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு படம். படிப்பவருக்குத் தமிழ் தெரியாது, எந்தக் குறி இடம் மாறியிருக்கிறது என்று வட்டமிட்டுக் காட்டுங்கள்.

வேலை வாய்ப்பு எங்கே என்றால், மைக்ரோசாஃப்ட், சாம்சங் போன்றவை இந்தியாவில் பிரவுசர் குழுக்களை வைத்திருப்பது பெங்களூரு, ஹைதராபாத் பக்கம். தமிழ்நாட்டுக்குள் ஜோஹோவின் உலா. 2023இல் வெளிவந்தது, மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் 2025இல் ஒரு கோடி ரூபாய் முதல் பரிசு பெற்றது. இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் பூங்காக்களில் ஐடி வேலை கிடைக்கும், ஆனால் இன்ஜின் வேலையை அங்கே எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஊரில் இருந்தபடி என்றால் வெளிநாட்டு வேலைதான். இகாலியா என்று ஸ்பெயினில் 2001இல் தொடங்கிய, தொழிலாளர்களே உரிமையாளர்களான கூட்டுறவு நிறுவனம். குரோமியம், வெப்கிட், கெக்கோ மூன்றிலும் வேலை செய்கிறது, பலர் வீட்டிலிருந்தே. மாணவர்களுக்குச் சம்பளத்துடன் பயிற்சித் திட்டமும் வைத்திருக்கிறது. திறந்த மூலத் திட்டங்களில் உதவித்தொகையுடன் வேலை செய்ய வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி இரண்டும் நல்ல வாசல்கள். மொஸில்லா வேலை அறிவிப்பில் எந்தெந்த நாட்டிலிருந்து எடுக்கிறார்கள் என்று போட்டிருக்கும், விண்ணப்பத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

நேரக்கணக்கு முக்கியம். கலிஃபோர்னியாவின் காலை 9 மணி நமக்குக் கோடையில் இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. ஐரோப்பாவின் காலை 9 நமக்கு மதியம் 12:30 அல்லது 1:30. குடும்பத்தோடு இருக்கத்தான் ஊரில் இருக்கிறோம் என்றால் ஐரோப்பியக் குழுவைத் தேடுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கான்ட்ராக்டராக இருந்தால் பிஎஃப் இல்லை, மருத்துவக் காப்பீடு நீங்களே எடுக்க வேண்டும், அட்வான்ஸ் டாக்ஸ் நீங்களே கட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் எல்யூடியும் (வரி கட்டாமல் சேவையை ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக் கடிதம்) வேண்டும். முதல் மாதமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

உள்ளே இருப்பவர்களின் ஆசை என்ன என்று கேட்டீர்கள். பெரிய கவலை, இணையம் ஒரே இன்ஜினின் கைக்குப் போய்விடக் கூடாது என்பது. மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளை இயல்புத் தேடலாக வைப்பதற்குக் கிடைக்கும் பணம். 2020 ஆகஸ்டில் அங்கே சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள், ரஸ்ட்டில் புதிய இன்ஜின் எழுதிய சர்வோ குழுவும் அதில் போனது. சர்வோ சாகவில்லை, இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் பக்கம் இருந்து தொடர்கிறது. ஆனாலும் நல்ல பொறியியல் மட்டும் வேலையைக் காப்பாற்றாது என்பதை இந்தத் துறைக்கு வருபவர் தெரிந்தே வர வேண்டும். அவர்களின் இன்னொரு ஆசை ரொம்பச் சின்னது: தளம் கட்டுபவர்கள் குரோமில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடாமல் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மதுரையில் வெப்சைட் செய்து தரும் அத்தனை பேரும் இதைச் செய்யலாம், ஐந்து நிமிட வேலை. என் ஆசையும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்த இன்ஜின்களின் ரிவ்யூ பட்டியலில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

தொடங்க பக்ஸில்லாவில் கணக்குத் திறந்து, குட் ஃபர்ஸ்ட் பக் என்று குறித்தவற்றைப் பாருங்கள். "எனக்கு ஒதுக்குங்கள்" என்று கமென்ட் போட்டுக் காத்திருக்க வேண்டாம், பேட்ச்சை அனுப்பினால் தானாக உங்கள் பெயருக்கு வரும். தமிழ்ப் பிழைகளுக்கு கோர் பிரிவில் லேயவுட்: டெக்ஸ்ட் அண்ட் ஃபான்ட்ஸ் என்ற பகுதியில் தமிழ் என்று தேடி, பழைய பக் இன்றைய நைட்லியிலும் இருக்கிறதா என்று சோதித்து எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் ஆர்வம் என்றால் மொஸில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனில் ஃபயர்ஃபாக்ஸின் தமிழ் வரிகள் இருக்கின்றன. அங்கே மொழிபெயர்த்துவிட்டு, நைட்லியில் அந்த வரி பட்டனுக்குள் அடங்குகிறதா, வெட்டுப்படுகிறதா என்று 360 பிக்சல் அகலத் திரையிலும் பார்த்துவிடுங்கள்.