காப்புரிமையைக் கைவிடாமலே நல்லது செய்ய முடியுமா?

லாபத்துக்காக வாங்கும் காப்புரிமையை வைத்து ஒரு நிறுவனம் சமூகத்துக்கு என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே முடியும்.

எல்லாரும் சொல்லும் உதாரணம் வோல்வோ. 1959-இல் அதன் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மும்முனை சீட் பெல்ட்டை மற்ற கார் நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுவிட்டது. சரி, அது பெல்ட். மருந்து அவ்வளவு எளிதில்லை.

எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர் மருந்தின் காப்புரிமை வீவ் ஹெல்த்கேர் நிறுவனத்திடம் இருக்கிறது. 2014-இல் அது மெடிசின்ஸ் பேடன்ட் பூல் என்ற பொதுநல அமைப்புக்கு உரிமம் கொடுத்தது. காப்புரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, கவனியுங்கள். பணக்கார நாடுகளில் அதன் வியாபாரம் அப்படியே நடக்கிறது. உரிமத்தில் பட்டியலிட்ட நாடுகளுக்கு மட்டும் ஜெனரிக் நிறுவனங்கள், அதாவது அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கும் வேறு நிறுவனங்கள், தயாரித்து விற்கலாம். தரச் சோதனையில் தேற வேண்டும். இப்படி நிபந்தனை போட முடிவதே காப்புரிமை கையில் இருப்பதால்தான். வேறு மருந்துகளோடு சேர்த்து ஒரே மாத்திரையாக்கவும் உரிமத்தில் இடம் இருந்தது. என் கணிப்பில் உரிமத்தின் முக்கியமான அம்சம் அதுதான். அப்படி வந்த மூன்று மருந்து மாத்திரையை ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலருக்குத் தர அரோபிந்தோ, மைலான் என்ற ஜெனரிக் நிறுவனங்கள் 2017-இல் ஒப்புக்கொண்டன.

குறையும் உண்டு. ஏழை நாடும் இல்லை, பணக்கார நாடும் இல்லை என்ற நிலையில் இருப்பவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மலேசியா, கஜகஸ்தான் உள்ளிட்ட நான்கு நாடுகளுக்கு 2020-இல்தான் தனி ஒப்பந்தம் வந்தது, அதுவும் வீவுக்கு ராயல்டி (உரிமத் தொகை) கட்டும் நிபந்தனையோடு.